டையூ குக்ரி நினைவிடம்: வயதான அப்பாவோடு நாகர்கோவிலிலிருந்து எப்படிப் போகலாம்?

முட்டம்_கலங்கரை

எல்லோருக்கும் வணக்கம். அப்பா கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். 1971 போர் நடந்தபோது பம்பாயில் ஒரு கப்பலில் வேலை. விசாகப்பட்டினத்தில் அவரோடு சேர்ந்து பயிற்சி எடுத்த ஒருவர் ஐ.என்.எஸ். குக்ரியில் போனார், திரும்பவில்லை. அந்தப் போரில் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்த நம் போர்க்கப்பல் அது. இதைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. அம்மாவுக்குக்கூட கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்துத்தான் தெரியுமாம்.

சமீபத்தில் டிவியில் குஜராத்தை ஒட்டிய டையூவின் கடற்கரையையும் அங்கே உள்ள குக்ரி நினைவிடத்தையும் காட்டினார்கள். அப்பா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, கை கழுவாமலே டிவி பக்கத்தில் போய் நின்று பார்த்தார். ராத்திரி படுக்கப் போகும்போது, "அங்கே ஒரு தடவை போகணும்" என்றார். எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத மனுஷன்.

வயது எழுபதைத் தாண்டியாச்சு, முழங்கால் வலி வேறு. எந்த ரயில், எங்கே இறங்க வேண்டும், அங்கே படி ஏற வேண்டுமா, கப்பல் மூழ்கிய டிசம்பர் 9 அன்றே போவது நல்லதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் "அவ்வளவு தூரம் எதுக்கு, விசாகப்பட்டினம் போ" என்கிறார்கள்.

குளச்சல்_மக்கா

அக்கா, விசாகப்பட்டினம் எதுக்கு, டையூ எதுக்கு? நம்ம குளச்சல் கடற்கரையிலேயே வெற்றித்தூண் நிக்குது. டச்சுக்காரனை ஓட ஓட விரட்டின இடம். ஆட்டோவில் வந்தால் போதும். 😄

மார்த்தாண்டம்_டைம்டேபிள்

மக்கா, கேட்டதற்குப் பதில் சொல்லும்.

ரயில்: திருவனந்தபுரத்திலிருந்து வேராவலுக்கு நேரடி வண்டி இருக்கிறது, வாரத்துக்கு ஒரு நாள்தான். கொங்கண் வழி. இரண்டு இரவு வண்டியிலேயே போய்விடும் என்று மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். வேராவலில் இறங்கி கொடினார், ஊனா வழியாக டையூ. சாலையில் 90 கிலோமீட்டர் அளவில் வரும். வயதானவரோடு பஸ் மாறி மாறி ஏறாதீர்கள், கார் பேசிவிடுங்கள்.

அந்த வண்டி தோதுப்படாவிட்டால் நாகர்கோவில்–காந்திதாம் வண்டியில் அகமதாபாத் போய், அங்கே ஒரு நாள் இருந்துவிட்டு, வேராவலுக்கு இரவு வண்டி பிடிக்கலாம். கையில் காசு இருந்தால் மும்பை வரை விமானம், அங்கிருந்து டையூவுக்கும் விமானம் உண்டு. முழங்கால்காரருக்கு அதுதான் உத்தமம்.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கும். கீழ் பெர்த்துக்கு அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

விசாகப்பட்டினமும் மோசமில்லை. கன்னியாகுமரியில் ஏறினால் திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் நேரே கொண்டுபோய் விடும். ஆர்.கே. பீச்சில் 1996இல் கட்டிய கடல்வெற்றி நினைவுச்சின்னம், எதிரிலேயே கரையில் ஏற்றி வைத்த குர்சுரா நீர்மூழ்கி. உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆனால் உங்கள் அப்பா கேட்டது அது இல்லையே.

ஆழ்கடல்_தூத்தூர்

தங்கச்சி, நான் போயிருக்கிறேன். எங்கள் போட்டு எஞ்சின் வேலைக்காக வேராவலில் கிடந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நாலைந்து பேர் டையூ போனோம். உண்மையைச் சொன்னால் நினைவிடம் பார்க்கப் போகவில்லை. குஜராத்தில் கிடைக்காத ஒன்று டையூவில் கிடைக்கும். அதற்குப் போன இடத்தில் மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்தபோதுதான் பார்த்தோம்.

சக்ரதீர்த்தக் கடற்கரை என்பார்கள். கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன மேடு, அதன் மேலே கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள்ளே குக்ரி கப்பலின் மாதிரி. பெரிய மேடில்லை, ஆனாலும் ஏறத்தான் வேண்டும். கைபிடித்து மெல்லக் கூட்டிப் போனால் முடியும். வெயில் நேரத்தில் வேண்டாம், நிழலே இல்லை. கண்ணாடியில் உப்புக் காற்று படிந்து உள்ளே மங்கலாகத் தெரிந்தது. எங்கள் ஸ்ராங்கு (போட்டை ஓட்டும் தலைவர்) தோள் துண்டால் ஒரு முழத்துக்குத் துடைத்துவிட்டு, முகத்தை ஒட்ட வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். உயிர்காக்கும் படகு எந்தப் பக்கம், இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் அவருக்குத்தான் கவலை.

கப்பல் மூழ்கியது டையூ கரையிலிருந்து 40 கடல்மைல் அளவில் என்று அங்கே ஒருவர் சொன்னார். ஸ்ராங்கு திரும்பி எங்களைப் பார்த்தார். அந்தப் பக்கமெல்லாம் நாங்கள் போகிற வருகிற இடம். அதற்கப்புறம் அவர் கடைக்கு வரவில்லை.

ராஜாக்கமங்கலம்_டீச்சர்

முட்டம் அம்மா, போகும் முன்னால் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். அங்கே இப்போது இரண்டு குக்ரி பேச்சில் அடிபடும், பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் குக்ரிதான் மூழ்கியது. பிரிட்டனில் கட்டிய பிளாக்வுட் வகைப் போர்க்கப்பல். 1971 டிசம்பர் 9 இரவு, பாகிஸ்தானின் ஹங்கோர் என்ற நீர்மூழ்கியைத் தேடி குக்ரியும் கிர்பான் என்ற இன்னொரு போர்க்கப்பலும் போயிருந்தன. ஹங்கோர் முதலில் கிர்பானை நோக்கி விட்ட டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) வெடிக்கவில்லை. அடுத்தது குக்ரியின் அடியில் வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் போய்விட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், ஆக 194 பேர். அறுபதுக்குச் சற்று மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள். அவர்களை மறுநாள் கச்சால் கப்பல் எடுத்து வந்தது. அந்தக் குக்ரி இன்றும் கடலடியில்தான் கிடக்கிறது. கண்ணாடிக் கூண்டில் இருப்பது அதன் மாதிரி. அந்த நினைவிடம் 1999 டிசம்பரில் திறக்கப்பட்டது.

இரண்டாவது குக்ரி அதே பெயரை வாங்கிக்கொண்ட ஏவுகணைக் கப்பல். 1989இல் சேவைக்கு வந்து 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதை அருங்காட்சியகமாக வைப்பதற்காக 2022 ஜனவரியில் டையூ நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு "மூழ்கின கப்பலை மீட்டுட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே விடும் நேரத்தைத் தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

அப்புறம் குளச்சல் தம்பிக்கு: 1741இல் நடந்தது கரையில் நடந்த சண்டை. டச்சுக் கம்பெனிக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை அவர்களைக் கரையில் சுற்றி வளைத்தது, அவர்களுடைய வெடிமருந்துக் கிடங்கு தீப்பிடித்தது, சரணடைந்தார்கள். ஓட ஓட விரட்டவெல்லாம் இல்லை. பிடித்து வைத்துக்கொண்டார்கள். அந்தத் தூண் வெற்றிக்கு நட்டது. ஆள் இறந்ததற்கு நட்ட தூண் வேறு.

குளச்சல்_மக்கா

டீச்சர் சொன்னால் சரி. ஆனால் அந்தச் சண்டையில் எங்கள் ஊர்க் கடற்கரை ஆட்களும் நின்றார்கள். துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றதைக் கப்பலில் இருந்தவன் தூரத்தில் பார்த்து, துப்பாக்கிப் படை என்று பயந்தான் என்று எங்கள் பாட்டா சொல்வார். ஜூலை 31 அன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள் வந்து தூணுக்கு மலர்வளையம் வைப்பார்கள். துடுப்பு பிடித்தவன் பேரைச் சொல்ல யார் இருக்கா?

வடசேரி_சந்தை

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குக்ரி கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார், மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடி போனார் என்று பிழைத்தவர்கள் சொன்னதாகப் படித்திருக்கிறேன். பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஒரு கேப்டன் உயிரோடு வந்திருந்தால் நாட்டுக்குத்தானே லாபம்? இன்னொன்று, நீர்மூழ்கி திரிகிற இடத்தில் நீர்மூழ்கியை ஒலியால் கண்டுபிடிக்கும் புதிய சோனார் கருவியைச் சோதிக்க வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள் என்கிறார்கள். அதைப் பற்றி நினைவிடத்தில் ஒரு வரி இருக்குமா? நினைவிடம் கட்டினால் கேள்வி கேட்கக் கூடாது என்று ஆகிவிடுகிறது.

எஞ்சின்_ரூம்

வடசேரி, உங்கள் இரண்டாவது கேள்வி நியாயம். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நான் கொஞ்சம் தகுதியானவன். சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் இருக்கிறேன்.

கப்பலின் அடித்தளத்தில் வேலை செய்பவனுக்கு மேலே வர ஏணி ஏணியாக ஏற வேண்டும். விளக்கு போய், கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, எண்ணெய் கொட்டிக் கிடந்தால் அந்த ஏணி ஏணியாகவே இருக்காது. சில நிமிடத்தில் மூழ்கிய கப்பலில் கீழே இருந்தவர்களுக்கு வழியே கிடையாது. 176 மாலுமிகள் என்ற எண்ணிக்கையில் எத்தனை பேர் அப்படி என்று நினைத்துப் பாருங்கள். அவர்களைக் கீழே விட்டுவிட்டு மேலே நிற்பவன் இறங்கிப் போவதா என்பது லாப நஷ்டக் கணக்கில் வராது.

நான் சொல்ல வந்தது வேறு. ஜெர்மனியில் கீல் கால்வாய் வழியாகக் கப்பல் போகும். கால்வாயை விட்டு பால்டிக் கடலுக்குள் நுழையும்போது வலது கைப்பக்கம் கரையில் ஒரு கோபுரம், லாபே என்ற ஊர். 72 மீட்டர் உயரம். ஒரு தடவை கப்பல் பழுதுக்கு நின்றபோது போய்ப் பார்த்தேன். முதல் உலகப் போரில் இறந்த ஜெர்மன் கடற்படையினருக்காக 1927இல் தொடங்கி 1936இல் முடித்தது. ஹிட்லர் காலத்தில் திறந்தது, அந்தக் காலத்து மிடுக்கு கல்லிலேயே தெரியும். போரில் தோற்ற பிறகு, 1954இல், கடலில் இறந்த எல்லா நாட்டு மாலுமிகளுக்குமான இடம் என்று மாற்றிவிட்டார்கள். கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு. கீழே மணலில் U-995 என்ற நீர்மூழ்கி. தலையை இடிக்காமல் உள்ளே போக முடியாது. டார்பிடோ வைக்கும் அறையிலேயே ஆள் தூங்கும் படுக்கை. அந்தப் படுக்கையைப் பார்த்தபோது நமக்கு எதிரி, நண்பன் எல்லாம் கொஞ்சம் மறந்துபோகும்.

வடசேரி_சந்தை

எல்லா நாட்டுக்கும் என்றால், ஹங்கோரில் இருந்தவனுக்கும் சேர்த்து நாம் மாலை போட வேண்டுமா?

எஞ்சின்_ரூம்

போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோற்றவர்கள் அப்படி ஒரு முடிவு எடுத்தார்கள் என்று சொன்னேன். ஹங்கோர் கராச்சியில் கடல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. குடும்பம் குடும்பமாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாம் குர்சுராவில் எடுப்பது போலவே.

ராஜாக்கமங்கலம்_டீச்சர்

எதிரிக்கு மரியாதை என்பது நம் மாவட்டத்துக்குப் புதிதா என்ன? புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். குளச்சலில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர் டி லனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனார். கிட்டத்தட்ட 37 வருஷம் சேவை செய்து 1777இல் இறந்தார். கூரை போன தேவாலயத்துக்குள் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே மனைவி. களக்காட்டுச் சண்டையில் இறந்த மகனும் அங்கேதான். பிள்ளைகளை அழைத்துப் போகும்போது நான் முதலில் அங்கே கூட்டிப் போவேன், அப்புறம்தான் குளச்சல் தூண். தோற்றவனைப் பார்த்துவிட்டு வெற்றித்தூணைப் பார்த்தால் பிள்ளைகள் கேட்கிற கேள்வியே வேறு. (கோட்டையைக் கேட்டால் எல்லோரும் மான் பார்க்கும் பூங்கா என்றுதான் வழி சொல்வார்கள். அதுவும் ஒரு வகையில் சரிதான்.)

ஆழ்கடல்_தூத்தூர்

எல்லாரும் படித்தவர்கள், நன்றாகப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு ஆதங்கம்.

அந்த மேட்டில் நின்றபோது எனக்குள் வந்தது பொறாமை. ஆமா, பொறாமைதான். உடல் கிடைக்காதவனுக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. அவன் பெண்டாட்டி, பிள்ளை வந்து கடலைப் பார்த்து நிற்க ஓர் இடம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது இரையுமன்துறை முதல் நீரோடி வரை எங்கள் எட்டு ஊரிலும் ஆள் போனது. பல பேருக்கு உடலே வரவில்லை. உடல் இல்லாவிட்டால் அடக்கம் இல்லை, அடக்கம் இல்லாவிட்டால் மூன்றாம் நாள் எது, முப்பதாம் நாள் எது என்று வீட்டுக்காரிக்கே தெரியாது. கதவைச் சாத்தாமல் படுத்த அம்மாக்களை எனக்குத் தெரியும். சுனாமிக்குக் கன்னியாகுமரியில் ஸ்தூபி இருக்கிறது, அதுவாவது கரையில் இருந்தவர்களுக்கு. வேலைக்குப் போன கடலிலேயே போனவனுக்கு ஊரில் ஃபிளெக்ஸ் போர்டுதான். அதுவும் இரண்டு மழையில் வெளுத்துவிடும்.

வடசேரி_சந்தை

அண்ணே, வருத்தம் புரிகிறது. ஆனால் புயல் வேறு, போர் வேறு. ஒருவன் நாட்டுக்காகப் போகிறான், இன்னொருவன் பிழைப்புக்காகப் போகிறான்.

ஆழ்கடல்_தூத்தூர்

கடற்படையில் சேருகிறவனும் சம்பளத்துக்குத்தானே சேருகிறான். முட்டம் தங்கச்சி தப்பாக நினைக்கக் கூடாது. 2012 பிப்ரவரியில் இத்தாலிக் கப்பலிலிருந்து மீனவர்களைச் சுட்டார்களே, இறந்த இரண்டு பேரில் ஒருவர் எங்கள் பக்கத்து ஊர். பிழைப்புக்குத்தான் போனார். குண்டு அதைக் கேட்டுக்கொண்டா பாய்ந்தது?

எஞ்சின்_ரூம்

தூத்தூர் அண்ணே சொல்வதில் விஷயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் கிட்டத்தட்ட 6,000 பேர். யூனிஃபார்ம் இல்லை, துப்பாக்கி இல்லை, கரி அள்ளிப் போட்டவர்களும் சமையல்காரர்களும்தான். அவர்கள் பெயர்களை எழுதிய ஏடு மும்பையில் மாலுமிகள் இல்லத்தில் இருக்கிறது, அதே ஏட்டின் இன்னொரு படி சிட்டகாங்கில். கோபுரமும் கிடையாது, கடற்கரையும் கிடையாது, பெயர் மட்டும். பிழைப்புக்குப் போனவனையும் போர்க்கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். முட்டம் அக்கா மும்பை வழியாகப் போனால் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

முட்டம்_கலங்கரை

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

வேகம் குறைத்தது பற்றி: "அது தப்பா சரியா என்று பேசுகிற உரிமை எல்லோருக்கும் உண்டு. நாங்களும் மெஸ்ஸில் பேசியிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை."

கேப்டன் பற்றி எஞ்சின் ரூம் எழுதியதைக் கேட்டதும், "அந்தப் பையன் எந்தக் கப்பல்?" என்று மட்டும் கேட்டார்.

தூத்தூர் அண்ணன் எழுதியதற்கு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நண்பரின் வீட்டைப் பற்றிச் சொன்னார், இதுவரை சொன்னதே இல்லை. போர் முடிந்து லீவில் அவர்கள் ஊருக்கே போயிருக்கிறார். அந்த அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "நீச்சல் நன்றாகத் தெரியுமே அவனுக்கு, எங்காவது கரை ஏறியிருக்க மாட்டானா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா "தெரியலைம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுபடி அந்த வீட்டுக்குப் போகவில்லை. "தூத்தூர்க்காரர் சொல்கிற கதவு எனக்குத் தெரியும்" என்றார்.

டிசம்பர் 9 வேண்டாமாம். கூட்டம், பேண்டு, யாராவது மைக்கைக் கொடுத்துப் பேசச் சொன்னால் என்ன செய்வது என்கிறார். ஜனவரியில் ஒரு சாதாரண நாளில் போதுமாம்.

மார்த்தாண்டம்_டைம்டேபிள்

ஜனவரி 14, 15 குஜராத்தில் பட்டம் விடும் பண்டிகை. அந்த வாரம் டையூவில் அறை வாடகை எகிறிவிடும், கடற்கரையில் நிற்க இடம் இருக்காது. 20க்கு மேல் வையுங்கள். காலையிலும் இரவிலும் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் குடியரசு தினத்தை ஒட்டிய நாட்கள் மட்டும் வேண்டாம்.

ஆழ்கடல்_தூத்தூர்

தங்கச்சி, அந்தச் சமயத்தில் நம்ம ஊர் போட்டு ஏதாவது வேராவலில் கிடக்கும். தனிச்செய்தியில் ஒரு நம்பர் அனுப்புகிறேன். ஸ்டேஷனில் இறங்கியதும் கூப்பிடுங்கள், கார் பேசித் தந்து பெட்டியைத் தூக்க ஆள் வருவான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு மாலை நாலு மணிக்கு மேல் மேட்டுக்குப் போங்கள். கண்ணாடி துடைக்க ஒரு துணி மறக்க வேண்டாம்.

வடசேரி_சந்தை

அண்ணே, ஒக்கியில் போனவர்கள் பெயரை எட்டு ஊருக்கும் சேர்த்து யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? என்னிடம் கல் வெட்டுகிற ஆள் இருக்கிறார். சண்டைக்கு அப்புறம் கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள்.

ஆழ்கடல்_தூத்தூர்

ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் பங்கு ஏட்டில் இருக்கும். எழுத்துப்பிழை இல்லாமல் எடுக்கணும், வீட்டுக்காரர்களிடம் காட்டிச் சரிபார்க்கணும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாருங்கள், சாமியாரிடம் பேசலாம்.

ராஜாக்கமங்கலம்_டீச்சர்

சரிபார்க்கிற வேலைக்கு நான் வருகிறேன். கல்லில் வெட்டிய பிறகு சிவப்பு மை அடிக்க முடியாது.

முட்டம்_கலங்கரை

டிக்கெட் திறந்ததும் போட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன். மார்த்தாண்டம் அண்ணே, 20க்கு மேல் என்று குறித்துக்கொண்டேன்.

குளச்சல்_மக்கா

அக்கா, போய் வந்தபிறகு ஜூலை 31 அன்று அப்பாவை எங்கள் தூணுக்கும் கூட்டி வாருங்கள். ராணுவக்காரர்கள் மலர்வளையம் வைப்பார்கள், மைக் தர மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில், நெய்மீன் குழம்பு.

முட்டம்_கலங்கரை

வருகிறோம். அப்பாவுக்கு நெய்மீன் வேண்டாமாம், சாளை போதுமாம்.